சிறு படகும் பெருங்கடலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கடற்பயணம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்தான். ஆனால், வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து, விடுமுறை நாளில் காரின் பின்னால் மாட்டி இழுத்துச் சென்று, கடற்கரையில் இறக்கி, பாய் விரித்துச் செலுத்தி, பயணம் முடிந்ததும் மீண்டும் வீட்டிற்கே கொண்டு வந்துவிடக்கூடிய படகுகளும் உண்டு. இவற்றை டிரெய்லர் பாய்ப்படகுகள் என்பர். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இவை மிகுதி. இப்படகின் அமைப்பு, அதைப் பயணத்திற்கு ஆயத்தம் செய்யும் முறை, அது காற்றினால் இயங்கும் விதம் ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இயற்பியல் மாணவனுக்குப் படகில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நான் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நானே. என் தாத்தா பாய் கட்டிய கட்டுமரத்தில் தொழில் செய்தவர். அப்பா இப்போது எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகில் செல்கிறார். வகுப்பில் விசைகளைக் கூறுபடுத்தும் பாடம் நடந்தபோது, இதைத்தானே தாத்தா கையாலேயே செய்தார் என்று எனக்குத் தோன்றியது. அன்று முதல் பாய்ப்படகுகளைப் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

எளியோருக்கு வந்த படகு

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் உல்லாசப் பாய்ப்படகு என்பது செல்வந்தர்களின் உடைமை. படகை வாங்கினால் மட்டும் போதாது. அதை நிறுத்தத் துறையில் இடம் வேண்டும். பராமரிக்க ஆள் வேண்டும். இரண்டாம் உலகப் போரையொட்டி நீரில் விட்டுப்போகாத பசைகளும் நல்ல ஒட்டுப்பலகைகளும் பெருகின. எடை குறைந்த, விலை குறைந்த படகுகளைக் கட்ட இவை வழி வகுத்தன.

1957-ஆம் ஆண்டில் இயன் பிராக்டர் என்ற வடிவமைப்பாளர் ‘வேஃபேரர்’ என்னும் படகை உருவாக்கினார். ‘வழிநடைப் பயணி’ என்பது அதன் பொருள். நீளம் 4.8 மீட்டர், அகலம் 1.85 மீட்டர், எடை ஏறக்குறைய 170 கிலோ. இருவர் பகலில் அதைச் செலுத்தலாம்; இரவில் மேலே கூடாரத் துணியை விரித்து அதன் தரைப்பலகையிலேயே படுத்துறங்கலாம்.

அடுத்து, 1962-இல் ‘டெய்லி மிரர்’ என்ற நாளிதழின் ஆதரவில் ‘மிரர்’ என்னும் படகு வந்தது. ஜாக் ஹோல்ட், பேரி பக்னல் ஆகிய இருவரும் இதனை வடிவமைத்தனர். இதன் நீளம் 3.3 மீட்டர், எடை சுமார் 45 கிலோ. காரின் கூரை மேலேயே ஏற்றிவிடலாம். வெட்டிய பலகைத் துண்டுகளாக இதை விற்றார்கள். வாங்கியவர் அத்துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின் மேல் கண்ணாடி இழை நாடாவை ஒட்டிப் பிசின் பூசினால் படகு ஆயிற்று. தொடக்க விலை 63 பவுன் 11 ஷில்லிங். தொழிலாளியும் ஆசிரியரும் தம் வீட்டுக் கொட்டகையிலேயே படகு கட்டிக்கொண்டனர். இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டுள்ளன.

படகைத் தைப்பது என்பது நமக்குப் புதிதன்று. சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களையும் பண்டங்களையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்த மசூலாப் படகுகள் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவையே. பயணம் முடிந்ததும் கரையேற்றிக் கட்டவிழ்த்துக் காயப்போடும் கட்டுமரமும் ஒரு வகையில் டிரெய்லர் படகின் உறவுதான். அதற்குத் துறை வேண்டாம், மணல் போதும்.

படகின் உறுப்புகள்

படகின் முன்தலையை அணியம் என்றும் பின்தலையை அமரம் என்றும் எங்கள் தாத்தா சொல்வார். நடுவில் பாய்மரம் நிற்கிறது. அதன் பின்புறம் பெரும்பாய். முன்புறம் சிறிய முன்பாய். வேஃபேரரில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 13 சதுர மீட்டர். பாய்மரத்தை மூன்று பக்கமும் எஃகுக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன. அடியில் அச்சு இருப்பதால் மரத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் இயலும். சாலையில் செல்லும்போது மரம் படுத்திருக்கும்.

படகின் நடுவே ஒரு பிளவு. அதன் வழியாக நீருக்குள் இறங்கும் பலகையே நடுப்பலகை. அதைத் தூக்கிவிட்டால் முழங்கால் அளவு நீர்கூட வேண்டாம், 20 செ.மீ. ஆழத்தில் படகு மிதக்கும். இறக்கிவிட்டால் ஒரு மீட்டருக்கும் அதிகமாக ஆழம் செல்லும். அணியத்திலும் அமரத்திலும் நீர் புகாத மூடிய அறைகள் உள்ளன. படகு முழுவதும் நீர் நிறைந்தாலும் இவ்வறைகளிலுள்ள காற்று அதை மூழ்க விடாது. துணிமணியும் உணவும் வைக்கும் பெட்டிகளும் அவையே.

காற்றை எதிர்த்துச் செல்வது எப்படி?

காற்று தள்ளும் திசையில் படகு போவதில் வியப்பில்லை. காற்று வரும் திசையை நோக்கியும் போகிறதே, அதுதான் வியப்பு. இதற்கு விடை பாயில் பாதி, நடுப்பலகையில் பாதி.

காற்று சாய்வாக வந்து வளைந்த பாயின் மேல் செல்லும்போது, பாய் அக்காற்றின் திசையைத் திருப்பிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்றும் பாயின் மேல் எதிர்விசையைச் செலுத்துகிறது. இவ்விசை ஏறக்குறைய பாய்க்குச் செங்குத்தாக இருக்கும். இதை இரண்டாகக் கூறுபடுத்தினால், பெரிய கூறு படகைப் பக்கவாட்டில் தள்ளும். சிறிய கூறு முன்னோக்கித் தள்ளும். நீருக்குள் நிற்கும் நடுப்பலகை பக்கவாட்டு நகர்வைத் தடுத்துவிடுகிறது. எஞ்சிய சிறிய கூறு படகை முன்னே கொண்டு செல்கிறது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது முன்னே பாய்கிறதல்லவா? இங்கே ஒரு விரல் காற்று. மறு விரல் நீர்.

ஆனால் காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்ப்படகும் செல்லாது. ஏறக்குறைய 45 பாகை விலகித்தான் செல்ல முடியும். ஆகவே வலமும் இடமுமாக மாறி மாறிச் செல்லவேண்டும். 1 கி.மீ. தொலைவை அடைய 1.41 கி.மீ. ஓடவேண்டும் என்பது முக்கோணக் கணக்கு.

இதன் அருமையை எங்கள் குடும்பம் பட்டறிந்தது. நான் பள்ளி இறுதியாண்டு படித்தபோது ஒரு நாள், கரை தெரியாத தூரத்தில் அப்பாவும் சித்தப்பாவும் சென்ற படகின் எஞ்சின் நின்றுபோயிற்று. எவ்வளவு முயன்றும் கிளம்பவில்லை. நண்பகலுக்குப் பின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்தது. இரண்டு துடுப்புகளை நிறுத்தி, மீன் மூடும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். படகு நகர்ந்தது. ஆனால் காற்று தள்ளிய திசையில்தான் நகர்ந்தது. எங்கள் ஊர் மேற்கே இருக்க, அவர்கள் இரண்டு ஊர் வடக்கே தள்ளி, இருட்டிய பிறகு கரை ஒதுங்கினார்கள். அதுவரை அம்மாவும் சித்தியும் எங்கள் ஊர் மணலில் நின்றுகொண்டிருந்தார்கள். விவரம் கேட்ட தாத்தா, “பாய் கட்டினீங்க, சரி. பலகை எங்கடா?” என்றுதான் முதலில் கேட்டார். கட்டுமரத்தில் மரங்களின் இடுக்கில் ஒரு பலகையைச் செருகி இறக்குவார்கள். அது இருந்திருந்தால் காற்றுக்குக் குறுக்கே ஓடி எங்கள் ஊருக்கே வந்திருக்கலாம். வேஃபேரரின் நடுப்பலகையும் தாத்தாவின் பலகையும் செய்வது ஒரே வேலைதான்.

கவிழாமல் காப்பது கணக்கு

பாயின் மேல் காற்று தரும் அழுத்தம் காற்று வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. மணிக்கு 10 கடல் மைல் வேகமுள்ள காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 16 நியூட்டன் அழுத்தம் தருகிறது. 13 சதுர மீட்டர் பாயின் மேல் 208 நியூட்டன். அதாவது சுமார் 21 கிலோ எடைக்குச் சமம். பாயின் நடுவிடத்திற்கும் நீருக்கடியில் பலகையின் நடுவிடத்திற்கும் இடையே 3 மீட்டர் என்று கொண்டால், படகைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் 63 கிலோ-மீட்டர்.

இதை எதிர்ப்பவர்கள் படகிலுள்ள இருவர். ஆளுக்கு 65 கிலோ என்றால் மொத்தம் 130 கிலோ. அவர்கள் காற்று வரும் பக்கத்து விளிம்பில், நடுக்கோட்டிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 117 கிலோ-மீட்டர். ஆகவே படகு நிமிர்ந்து நிற்கும். காற்று 20 கடல் மைல் வேகமானாலோ கவிழ்க்கும் திறன் 252 ஆகிவிடுகிறது! படகின் அகலம் ஓரளவு கைகொடுக்கும் என்றாலும், முழுப் பாயுடன் அங்கே நிற்க இயலாது. இது முரட்டுக் கணக்குதான். எனினும் உண்மையைக் காட்டப் போதுமானது.

எனவேதான் காற்று வலுக்குமுன் பாயைச் சுருக்கிக் கட்டவேண்டும். பெரும்பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டுவதற்கென்றே அதில் கண்ணிகள் வைத்திருப்பார்கள். பாய் சிறிதானால் விசை குறையும். அதன் நடுவிடமும் தாழும். இரண்டு நன்மைகள். இந்தக் கண்ணிகளில் கயிறு கோத்திருக்கிறதா என்பதைக் கரையிலேயே பார்த்துவிடவேண்டும். ஆடும் படகில், நனைந்த கையோடு கயிறு கோக்க முடியாது.

அப்படியும் கவிழ்ந்தால்? ஒருவர் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறிப் பின்னால் சாய வேண்டும். அது நெம்புகோலாகிப் படகை நிமிர்த்தும். மற்றவர் படகோடு ஒட்டி மிதந்தால், நிமிரும் படகே அவரை உள்ளே அள்ளிக்கொள்ளும். பிறகு வாளியால் நீரை இறைக்கவேண்டும். இதைக் கரையோரம், அமைதியான நீரில், வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகிய பின்னரே கடலுக்குள் செல்லவேண்டும். மிதவைச் சட்டை அணியாமல் ஏறவே கூடாது.

கரையில் செய்யவேண்டியவை

கடலில் நேரும் இடர்களுள் பல கரையில் தொடங்குகின்றன. முதலில் டிரெய்லர். அதன் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை காரின் கொக்கியின் மேல் அழுந்தும்படி படகை வைக்கவேண்டும். பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கிக் காரையே புரட்டிவிடும். நெடுந்தூரம் ஓடிய சக்கரங்களை உடனே உப்பு நீரில் இறக்கக் கூடாது. சூடான அச்சுக்குள் உள்ள காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கும்போது நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், பேரிங் துருப்பிடிக்கும். சற்று ஆறவிட்டு இறக்குவதே முறை.

அடுத்து பாய்மரம். அதை நிமிர்த்துமுன் தலைக்குமேல் பார்க்கவேண்டும். மரம் அலுமினியமாக இருந்தால் அதுவும் மின்கடத்தி. தாங்கும் எஃகுக் கம்பிகளும் மின்கடத்திகள். மின்கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

பொருள்களை அடுக்குவதிலும் இயற்பியல் உண்டு. குடிநீர், நங்கூரம் போன்ற கனமானவை அடியிலும் நடுவிலும். துணி, படுக்கை போன்ற இலேசானவை முனைகளில். கனம் அணியத்தில் சேர்ந்தால் படகு அலையில் மூக்கைக் குத்தும். திசைகாட்டி, கடல் வரைபடம், வாளி, துடுப்பு, விளக்கு, ஆபத்து அறிவிக்கும் வெளிச்சக் குழல்கள், மாற்றுக் கயிறு ஆகியன இன்றியமையாதவை. எல்லாவற்றையும் கயிற்றால் கட்டிவைக்கவேண்டும். கட்டாத பொருள் கவிழ்ந்த படகில் இருக்காது.

நங்கூரக் கயிறு நீளமாக இருக்கவேண்டும். கயிறு ஆழத்தைப்போல் இரு மடங்கு மட்டுமே இருந்தால், அது இழுபட்டு நிற்கும்போது தரையோடு 30 பாகைக் கோணத்தில் நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், நங்கூரம் பெயர்ந்துவிடும். ஆறு மடங்கு இருந்தால் கோணம் 10 பாகைக்கும் குறைவு. நங்கூரம் மேலும் மண்ணில் புதையும்.

ஓதத்தின் ஆட்சி

நம் சென்னைக் கரையில் உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் வேறுபாடு ஒரு மீட்டர் அளவே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயிலோ அது சில நாள்களில் 14 மீட்டர் வரை செல்கிறது. காலையில் படகு இறக்கிய இடம் நண்பகலில் சேற்று வெளியாகிவிடும். மாலையில் 4 மீட்டர் ஆழத்தில் 24 மீட்டர் கயிறு விட்டு நங்கூரமிட்டவன், ஓதம் 5 மீட்டர் ஏறினால் நள்ளிரவில் 9 மீட்டர் ஆழத்தில் கிடப்பான். கயிறு அப்போது மூன்று மடங்குகூட இல்லை. ஆகவே நங்கூரமிடும் நேரத்து ஆழத்தோடு இனி ஏறவிருக்கும் ஓதத்தையும் கூட்டியே கயிற்றை அளக்கவேண்டும்.

ஓதத்தோடு நீரோட்டமும் வருகிறது. 4.5 மீட்டர் நீர்க்கோடுள்ள படகு சாதாரணமாக மணிக்கு 5 கடல் மைலுக்குமேல் ஓடாது. படகு தானே எழுப்பும் அலை அதன் நீளத்திற்குச் சமமாகிவிடுவதே காரணம். பலத்த காற்றில் நீரின் மேற்பரப்பில் வழுக்கி ஓடும்போதுதான் இவ்வரம்பை மீற முடியும். ஸ்காட்லாந்தின் வடக்கே பென்ட்லண்டு நீரிணையில் ஓட்டம் மணிக்கு 10 கடல் மைலையும் மிஞ்சுவதுண்டு. அங்கே எதிரோட்டத்தில் போனால், முன்னே போவதாக எண்ணிக்கொண்டு பின்னே போவோம்! ஓத அட்டவணையைப் பார்த்து, ஓட்டம் திரும்பும் வரை காத்திருப்பதே அறிவுடைமை. எங்கள் ஊரார் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பர். வலை விடுமுன் நீவாடு பார்ப்பது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல.

‘வாண்டரர்’ கண்ட கடல்

இத்தகைய சிறு படகு எவ்வளவு தாங்கும் என்பதற்குச் சான்று பிராங்க் டை என்ற ஆங்கிலேயரின் பயணங்கள். அவரிடம் இருந்தது ‘வாண்டரர்’ என்ற 48-ஆம் எண் வேஃபேரர். மேல்தளமோ எஞ்சினோ இல்லாத அப்படகில், 1963-ஆம் ஆண்டு ஒரு தோழருடன் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கே சென்றார். அடுத்த ஆண்டு வேறொரு தோழருடன் நார்வேக்குப் புறப்பட்டார். வழியில் போஃபர்ட் அளவில் 9 என்னும் கடும் புயலில் சிக்கினார். அந்த அளவில் காற்றின் வேகம் மணிக்கு 41 முதல் 47 கடல் மைல். 10 கடல் மைல் காற்றோடு ஒப்பிட்டால் விசை ஏறக்குறைய 19 மடங்கு!

இத்தகைய வேளையில் அவர் பாயைச் சுருட்டிப் பாய்மரத்தையே சாய்த்துவிடுவார். அணியத்திலிருந்து நீண்ட கயிற்றில் ஒரு துணிக் கூம்பை நீரில் விடுவார். அது நீரைப் பிடித்து இழுத்துப் படகின் முகத்தை அலைக்கு நேராக நிறுத்தும். அலையைப் பக்கவாட்டில் வாங்கினால் சிறு படகு உருளும். முகத்தில் வாங்கினால் ஏறி இறங்கும். அப்படிச் செய்தும் அப்பயணத்தில் படகு நான்கு முறை கவிழ்ந்தது, பாய்மரமும் முறிந்தது. நான்கு முறையும் நிமிர்த்தினார்கள், நீரை இறைத்தார்கள், தற்காலிகப் பாய்மரம் ஒன்றை நிறுத்தி நார்வே கரை சேர்ந்தார்கள். முன்னும் பின்னும் மூடிய காற்றறைகளும், கட்டிவைத்த பொருள்களும், பழகிய கைகளும் அவர்களைக் காத்தன. இம்முயற்சியை எல்லாரும் பின்பற்றவேண்டும் என்பதன்று என் கருத்து. ஒரு சிறு படகின் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்பது அத்தகைய நேரத்தில்தான் விளங்குகிறது.

முடிவுரை

இன்று நம் கரையோரங்களில் பெரும்பாலும் எஞ்சின் படகுகளே ஓடுகின்றன. அவை விரைவாகச் செல்கின்றன, உழைப்பைக் குறைக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு மீண்டும் பாய்க்கே திரும்பவேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் எஞ்சின் நின்றுபோனால் வீடு திரும்ப ஒரு சிறு பாயும் ஒரு பலகையும் படகில் இருக்கலாம் அல்லவா? ஃபைபர் படகின் அடியில் பிளவு போட முடியாது. ஆனால் பக்கவாட்டில் தொங்கவிடும் பலகையைக் கொண்டே காற்றுக்குக் குறுக்கே ஓடிய படகுகள் உலகில் பல உண்டு. டச்சுக்காரர்களின் ஆழமில்லாக் கடற்படகுகள் இவ்வகையினவே.

எங்கள் வீட்டுப் படகுக்கு எத்தனை சதுர மீட்டர் பாய் தாங்கும், பலகை எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்பதை மேலே சொன்ன முறையிலேயே கணக்கிட்டு வருகிறேன். பலகையின் வடிவத்தைத் தாத்தா ஒரு குச்சியால் மணலில் வரைந்து காட்டினார். அதை நான் வரைபடத் தாளில் அளவுக்கு ஏற்றிவிட்டேன். அடுத்த ஆண்டு நம் கல்லூரி அறிவியல் கண்காட்சியில் அதன் மாதிரி ஒன்றைத் தொட்டி நீரில் மிதக்கவிட எண்ணியுள்ளேன். மின்விசிறிக் காற்றில் அது குறுக்கே ஓடுகிறதா என்று பேராசிரியர்களும் நண்பர்களும் வந்து பார்க்கவேண்டும். அதில் தேறினால், எங்கள் ஊர்க் கரையில் அப்பாவின் படகில் பொருத்திப் பார்ப்போம்.